சுருக்குமடின்னே எழுதுங்க

அதை மறுபடியும் சுருக்குமடின்னே மாத்தி எழுதிடுங்க மேடம். அதுக்குத்தான் வந்தேன். வேற ஒண்ணுமில்ல.

உக்காருறேன், உக்காருறேன். தண்ணியெல்லாம் வேணாம். மாடிப்படி ஏறினதுல மூச்சு வாங்குது, அவ்ளோதான். முப்பது வருசமா கடல்ல ஓடுறவன், உங்க மீன்துறை ஆபீசு மாடி ஏற முடியல பாருங்க.

நான் குணபாலன். நேத்து சாயங்காலம் நீங்கதான் எனக்குப் போன் பண்ணீங்க. "உங்க போட்டு மேல இருந்த புகார் தப்புங்கய்யா, அது சுருக்குமடி இல்ல, நானே உக்காந்து பாத்துக் கண்டுபிடிச்சிட்டேன், வெள்ளிக்கிழமை கூட்டத்துல பெரிய திரையில போட்டுக் காட்டிடலாம்"னு சொன்னீங்க. உங்க குரல்ல அப்படி ஒரு சந்தோசம். பெத்த பொண்ணு பரீட்சையில தேறிட்டுச் சொல்ற மாதிரி இருந்துச்சு. நான் நன்றின்னு சொன்னேனா இல்லையான்னே ஞாபகம் இல்ல. போனைக் கையில வச்சுக்கிட்டு அப்படியே நின்னுக்கிட்டு இருந்தேன்.

குத்தம் பண்ணலன்னு சொல்லத்தான் எல்லாரும் உங்ககிட்ட வருவாங்க. நான் பண்ணேன்னு எழுதச் சொல்லி வந்து நிக்கிறேன். உங்களுக்கு வேடிக்கையாத்தான் இருக்கும்.

நான் சுருக்குமடிதான் போட்டேன். போதுமா? ஒத்துக்கறேன். ஒரு வெள்ளைத் தாளு கொடுங்க, கையெழுத்துப் போட்டுத் தரேன். வலை எங்க வாங்கின, யாரு கொடுத்தான்னு மட்டும் கேக்காதீங்க. ஆறு பேரை வச்சுக்கிட்டு சுருக்குமடி போட முடியாது, அதுக்கு முப்பது ஆளு வேணும்னு எங்க ஊரு சின்னப் புள்ளைக்கும் தெரியும். நீங்க அதை எழுதாம விட்டுடுங்க. போட்டு போன தடத்தைக் குறிக்கிற அந்தப் பொட்டி என்ன சொல்லுச்சோ அதை எழுதுங்க. பொட்டி முதல்ல சரியாத்தானே சொல்லுச்சு? நீங்க ஏன் அதுக்கு மேல தோண்டினீங்க?

கோவிச்சுக்காதீங்க. உங்களைச் சொல்லிக் குத்தமில்ல. நீங்க எனக்கு நல்லது செய்யத்தான் நெனச்சீங்க.

சுருக்குமடின்னா எங்க ஊர்ல என்னன்னு தெரியுமா உங்களுக்கு? நீங்க மேக்கத்திக்காரங்க, பேச்சுலயே தெரியுது. எங்க பஞ்சாயத்துல அதைத் தொடக்கூடாதுன்னு கட்டுப்பாடு. கூட்டங்கூட்டமா போற மத்தியைச் சுத்தி வளைச்சு, குஞ்சு குருமானெல்லாம் வாரிட்டுப் போறதுன்னு. அதைப் போட்டான்னு பேரு வந்தா ஊரை விட்டு விலக்கிடுவாங்க. நல்லது கெட்டதுக்குக் கூப்பிட மாட்டாங்க. நான் செத்தா தூக்க நாலு பேரு வரமாட்டாங்க. தெரிஞ்சுதான் மேடம் சொல்றேன். எல்லாம் தெரிஞ்சுதான் சொல்றேன்.

இந்தப் பொட்டியை எங்க துறைமுகத்துல முதல்ல மாட்டினது யாரு தெரியுமா? நான்தான். போன வருசம் நீங்க வந்து ஏலக்கூடத்துல கூட்டம் போட்டீங்க. சுவத்துல வெள்ளைத் துணி கட்டி கோடு கோடா காட்டுனீங்க. உழவு ஓட்டின மாதிரி மெதுவாப் போயிட்டுப் போயிட்டு வந்தா அது இழுவலை. ஒரே இடத்துல கெடந்து நீவாட்டோட, அதான் கடல் நீரோட்டத்தோட, நகந்தா அது செவுள் வலை. வெரசா ஒரு வட்டம் அடிச்சுட்டு, அப்புறம் நின்ன இடத்துலயே நின்னா அது சுருக்குமடி. நீங்க கரையில உக்காந்துக்கிட்டு, கடலையே பாக்காம, எவன் என்ன வலை போட்டான்னு சொன்னீங்க. நாங்க கிளி ஜோசியம் பாக்கிற மாதிரி வாயப் பொளந்துகிட்டுப் பாத்தோம்.

அன்னைக்கு எங்க ஆளுங்க பாதிப் பேரு பொட்டி வேணாம்னாங்க. நாம போற எடமெல்லாம் அடுத்தவனுக்குத் தெரிஞ்சுடும்னாங்க. நான்தான் எந்திரிச்சுக் கத்துனேன். யோக்கியனுக்கு என்னடா பயம், திருட்டு வலை போடுறவன்தான் பொட்டிக்குப் பயப்படணும்னு கத்துனேன். நீங்க கூட என்னைப் பாத்துச் சிரிச்சீங்க. வேலியில போன ஓணானைப் புடிச்சு வேட்டியில விட்டுக்கிட்ட கதை என் கதை.

என் தங்கச்சி புருசன் போஸு, சந்திரபோஸு, அவன்தான் அன்னைக்கு பொட்டியை மேல ஏறி மாட்டினான். எனக்குப் பின்னாடியே இருப்பான். பதினோரு வருசம் என் போட்டுல வேலை செஞ்சான். நான் மாப்ளன்னா, அவன் மச்சான்னுவான், அதுக்கு மேல எங்களுக்குள்ள பேச்சு கெடையாது. ரெண்டு பேருக்கும் பேசத் தெரியாது. ஆனா எந்தக் கயிறு எப்ப இறுகும், எப்ப தளரும்னு நான் வாய் தொறக்கிறதுக்கு முன்னாடியே தெரிஞ்சு நிப்பான்.

தடைக்காலம் முடிஞ்ச மொத வாரம் அது. ரெண்டு மாசம் போட்டு கரையில கெடந்துட்டு, மறுபடி எறங்கியிருக்கோம். மூணு நாளா ஒண்ணுமில்ல. நாலாம் நாள் காலையில தரங்கம்பாடிக்கு நேர் கெழக்க வலையை விட்டோம். எட்டு மணி இருக்கும். ஒம்போதரைக்கு மேல இஞ்சின் சத்தம் மாறுச்சு. கனக்குது. வலையில ஏதோ பெருசா ஏறியிருக்குன்னு இஞ்சின் சத்தத்துலயே எனக்குத் தெரியும். மனசுக்குள்ள அம்மனைக் கும்பிட்டேன். பின்னால கயிறு ஒண்ணு வலை வாயை விரிக்கிற பலகையில சிக்கின மாதிரி இருக்கு, போய்ப் பாருன்னு போஸை அனுப்பினேன். நான்தான் அனுப்பினேன்.

கொஞ்ச நேரத்துல மருதையன் கத்துறான். மருதையன்னா எங்க போட்டுல வேலை பாக்கிறவன், வயசாளி. திரும்பிப் பாத்தா போஸு இல்ல. தண்ணியில ஒரு கை தெரிஞ்சுச்சு. நல்ல வெயிலு மேடம். காத்து கூட இல்ல. நல்ல பகல்ல ஒரு மனுசன் விழுந்தான்.

நான் ஒடனே போட்டைத் திருப்பினேன். இதை எழுதிக்கங்க, ஒடனே திருப்பினேன். ஒரு நிமிசம் தாமசிக்கல. அந்த வட்டந்தான் உங்க பொட்டியில விழுந்த வட்டம். பொட்டி அதைப் பாத்துட்டு சுருக்குமடின்னு சொல்லிடுச்சு. சும்மா சொல்லல, வட்டம்னா அதுக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான்.

அப்புறம் அன்னைக்கு இருட்டுற வரைக்கும் தேடினோம். மறுநாளும் தேடினோம். பன்னெண்டு போட்டு வந்துச்சு. ஒரு செருப்பு கூட கெடைக்கல. இன்னையோட நாப்பத்தி மூணு நாளாச்சு. என் தங்கச்சி வேதவல்லி தாலியைக் கழட்டல, கழட்டச் சொல்லவும் யாருக்கும் வாய் வரல. வாசல்ல அவன் சைக்கிளு நிக்குது.

போன மாசக் கடைசியில உங்க ஆபீசுல இருந்து பட்டியலு வந்துச்சு, என் போட்டு நம்பரு, தேதி, சுருக்குமடின்னு. ஊரே கொதிச்சுப் போச்சு. எங்க பஞ்சாயத்துத் தலைவரு பக்கிரிசாமி நெஞ்சுல அடிச்சுக்கிட்டாரு. தங்கச்சி புருசனைத் தேடி சுத்தினவனைத் திருட்டு வலைக்காரன்னு எழுதிட்டாங்களேன்னு. இதை விடக்கூடாது, கோட்டைப் பெரிசா போட்டுக் காட்டச் சொல்லு, நாம அத்தனை பேரும் போவோம், வேதவல்லியையும் கூட்டிட்டுப் போவோம், அவ புருசனுக்காக இவன் அடிச்ச வட்டத்தை அவளும் பாக்கட்டும்னாரு. கிராமத்து முத்திரை குத்தி மனு கொடுத்தது அவருதான். நான் கொடுக்கல. நான் வேணாங்க வேணாங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். எவ்ளோ அடக்கமான மனுசன் பாருன்னு என் தோள்ல தட்டினாங்க.

ஒத்துக்கிட்டா படம் போட மாட்டீங்க, எழுத்துல ஒரு வரியோட போயிடும். மறுத்தாத்தான் திரை, கோடு, வேகம் எல்லாம். அப்படித்தானே மேடம் உங்க முறை? நான் விசாரிச்சுட்டுத்தான் வந்தேன்.

வேகம். ஆமா. அதுக்குத்தான் வரேன்.

நீங்க போன்ல சொன்னீங்க. "சுருக்குமடி போடுறவங்க எட்டு நாட், ஒம்போது நாட் வேகத்துல அஞ்சு நிமிசத்துல வட்டம் அடிச்சு முடிப்பாங்க. உங்க வட்டம் அம்பது நிமிசம். ரெண்டே முக்கால் நாட். இழுவலை கீழ கெடந்தாத்தான் இந்த வேகம் வரும், அதனால இது சுருக்குமடி இல்லவே இல்ல"ன்னீங்க. சரியாச் சொன்னீங்க. ரொம்பச் சரியாச் சொன்னீங்க. இழுவலை கீழதான் கெடந்துச்சு.

அதை ஊர்ல யார்கிட்டயும் நான் சொல்லல.

என் தங்கச்சி கரையில வந்து என் சட்டையைப் புடிச்சுக்கிட்டு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. "அண்ணே, வலையைத் தூக்கிட்டுத்தானே திரும்புனே?" அவ கடக்கரையில பொறந்தவ, வலை கெடந்தா போட்டு ஊரும், தூக்கினா பறக்கும்னு தெரியும். "ஆமாம்மா, மொத வேலையா தூக்கிட்டேன்"னு சொன்னேன். கரைக்கு வர்றதுக்கு முன்னாடியே நாங்க அஞ்சு பேரும் கேபின்ல அம்மன் படத்துக்கு முன்னால கற்பூரத்தைக் கொளுத்தி அணைச்சு சத்தியம் பண்ணியிருந்தோம், யாரு கேட்டாலும் தூக்கிட்டோம்னுதான் சொல்லணும்னு. நான்தான் பண்ண வச்சேன். மருதையன் அணைக்கிறப்ப கையைச் சுட்டுக்கிட்டான். அஞ்சு வாயை அடைச்சேன் மேடம், மேல ஒரு பொட்டி சத்தமில்லாம எழுதிக்கிட்டு இருந்தது நெனப்புல இல்ல.

நீங்க என்னை அப்படிப் பாக்காதீங்க. நான் சொல்றதைக் கேளுங்க. வலை தூக்குறதுன்னா என்னன்னு நெனச்சீங்க? முக்கா மணி நேரம் ஆகும். விஞ்சுல கயிறைச் சுத்தணும், பலகை ரெண்டும் மேல வரணும், அது வரைக்கும் போட்டு நின்ன இடத்துல நிக்கணும். அந்த முக்கா மணி நேரத்துல அவன் நீவாட்டுல எங்க போயிருப்பானோ. அதுக்கு, வலையோடவே திரும்பிடலாம்னு நான் முடிவு பண்ணேன். அது தப்பா? அனுபவம் உள்ள எந்த டிரைவரைக் கேட்டாலும் சொல்லுவான். நான் செஞ்சது சரிதான். இப்பவும் சொல்றேன், சரிதான். இதை ஜனங்களுக்குப் புரிய வைக்க முடியாது, அவ்ளோதான் விசயம்.

வெட்டியிருக்கலாமேன்னா? வெட்டலாம். கேபின்லயே கோடாலி இருக்கு, அதுக்குன்னே வச்சிருக்கிறதுதான். ரெண்டு போடு போட்டா கயிறு அறுந்துடும். மருதையன் அதைத் தூக்கிட்டும் வந்துட்டான்.

நான் "இரு"ன்னேன்.

அவ்ளோதான் சொன்னேன். வெட்டாதன்னு சொல்லல. இருன்னேன். அவன் என் மூஞ்சியைப் பாத்தான், கோடாலியை வச்சுட்டான். ஒரு வட்டம் முழுசா வர்ற வரைக்கும் அஞ்சு பேரும் தண்ணியைப் பாத்துக்கிட்டே நின்னோம். அந்த அம்பது நிமிசத்துல நான் வயர்லெஸ் மைக்கை எடுத்து மத்த போட்டுக்காரங்களைக் கூப்பிடவும் இல்ல. கூப்பிட்டா வந்து பாப்பாங்க, ஏன்டா வலை இன்னும் கெடக்குன்னு கேப்பாங்கன்னு தோணுச்சு. உங்க பொட்டியில ஆபத்துன்னா அமுக்கச் சொல்லி செவப்பு பட்டன் இருக்கு, அதையும் அமுக்கல. அவன் நல்லா நீந்துவான் மேடம். ஊர்லயே அவனை மாதிரி நீந்துறவன் கெடையாது. வட்டம் வந்து சேந்தா அங்க மெதந்துக்கிட்டு இருப்பான், ஏன் மச்சான் இவ்ளோ நேரம்னு கேப்பான், ஏறினதும் வலையைத் தூக்கினா ரெண்டுமே கெடைச்ச மாதிரி ஆச்சுன்னு நெனச்சேன். ரெண்டு மாசம் அடுப்பு எரியாத வீடுங்க மேடம், ஆறு வீடு. அவன் வீடும் அதுல ஒண்ணுதான். அவனுக்காகவும்தான் நெனச்சேன்.

வந்து பாத்தா தண்ணி சும்மா கெடந்துச்சு.

அப்புறந்தான் வலையைத் தூக்கினேன். என்ன இருந்துச்சுன்னு கேளுங்க. சொறி. அத்தனையும் சொறி மேடம், ஜெல்லி மீனும்பீங்களே அது. இறால் இல்ல, கணவா இல்ல, கண்ணாடி மாதிரி வழவழன்னு ஒரு வலை நெறைய சொறி. கையில பட்டா அரிக்கும், காசுக்கு ஆகாது. அதைக் கடல்ல கொட்டுறப்ப எனக்கு அழுகை வரல. சிரிப்பு வந்துச்சு. நான் சிரிச்சதை மருதையன் பாத்தான், அதுல இருந்து அவன் என் போட்டுக்கு வர்றதில்ல.

இதைத்தான் நீங்க வெள்ளிக்கிழமை திரையில போடப்போறீங்க. ரெண்டே முக்கால் நாட், அம்பது நிமிசம்னு பெருசா எழுதி. முன்வரிசையில என் தங்கச்சி உக்காந்திருப்பா. நீங்க சிரிச்சுக்கிட்டே, இவரு யோக்கியருன்னு சொல்லுவீங்க, தலைவரு கை தட்டுவாரு. கூடத்துல இருக்கிற அத்தனை பேரும் டிரைவருங்க மேடம். ரெண்டே முக்கால்னு பாத்த நிமிசம் தெரிஞ்சுடும். ஒருத்தர் கையும் ரெண்டாம் தரம் தட்டாது. ஊரு என்ன வேணா பண்ணட்டும், நான் தாங்கிக்கறேன். அவ திரும்பி என் மூஞ்சியைப் பாப்பா பாருங்க, அது மட்டும் என்னால ஆகாது. எங்க அம்மா சாகறப்ப அவ கையை எடுத்து என் கையிலதான் வச்சுட்டுப் போச்சு. அவளுக்குன்னு இருக்கிறது நான் ஒருத்தன்தான். அவளுக்காகத்தான் கேக்கறேன். புருசனும் போய், அண்ணனும் போயிட்டா அவ என்ன ஆவா? எனக்காகக் கேக்கல. சத்தியமா எனக்காகக் கேக்கல.

உங்க கால்ல கூட விழுறேன். ஒரு வார்த்தை மேடம். சுருக்குமடின்னு ஒரே ஒரு வார்த்தை. திருட்டு வலைக்காரன்னு காறித் துப்புவா, அண்ணன் பேராசைக்காரன்னு திட்டுவா. திட்டட்டும். ஆனா வலையைத் தூக்கிட்டுத்தான் திரும்பினான்னு அவ நெஞ்சுக்குள்ள இருக்கும். சுருக்குமடி போட்டது வேற நேரம், தேடினது வேற நேரம்னு நான் ஏதாவது சொல்லிச் சமாளிச்சுக்குவேன்.

என்ன மேடம்?

யாரு வந்தா?

வேதாவா? இங்கயா?

நேத்துக் காலையிலயா? எதுக்கு?

போஸு விழுந்த இடத்தைக் குறிச்சுத் தரச் சொன்னாளா. அந்த இடத்துக்குப் போய் பால் ஊத்தணும்னா. ஆமா, என்கிட்டயும் போன வாரம் கேட்டா. கடல்ல இடம்னு எதைம்மா சொல்றது, எல்லாம் ஒரே தண்ணிதானேன்னு சொன்னேன்.

காட்டிட்டீங்களா. இந்தக் கோட்டையேவா?

நல்ல சேதிதானேன்னு காட்டியிருப்பீங்க. உங்க அண்ணன் மேல தப்பு இல்லம்மான்னு சொல்லியிருப்பீங்க. அவளுக்கு நாட் கணக்கெல்லாம் தெரியாது மேடம். நம்பரைப் பாத்தா ஒண்ணும் புரிஞ்சிருக்காது. கோடுன்னு மட்டும்தான் பாத்திருப்பா.

வட்டம் ஏன் இவ்ளோ பெருசா இருக்குன்னு கேட்டாளா.

நீங்க என்ன சொன்னீங்க?

சரி. சரி. இழுவலை கீழ கெடந்துச்சு, அம்பது நிமிசம் ஆச்சுன்னு சொல்லிட்டீங்களா. கேட்டா சொல்லத்தானே வேணும். அவ என்ன சொன்னா? அழலயா? தாளை மடிச்சு இடுப்புல சொருகிக்கிட்டுப் போயிட்டாளா.

மேடம், நேத்து மத்தியானம் நான் அவ வீட்லதான் சாப்பிட்டேன்.

அவதான் ஆள் விட்டுக் கூப்பிட்டா. இத்தனை நாளா அந்த வீட்ல மீன் வாங்கல, நேத்து வாங்கிக் குழம்பு வச்சிருந்தா. எனக்குச் சந்தோசமாப் போச்சு. மனசு தேறிட்டா, இனிமே பயமில்லன்னு நெனச்சேன். எலையைப் போட்டு, சோத்தை வச்சுட்டு எதிர்ல உக்காந்தா. சும்மா தொழில் பேச்சு மாதிரித்தான் கேட்டா. "அண்ணே, நம்ம போட்டுல வலை தூக்க எவ்ளோ நேரம் ஆகும்?"

மொத வேலையா தூக்கிட்டேன்னு அவகிட்ட சொல்லியிருக்கேன்ல. அதனால, நம்ம விஞ்சுக்கு என்னம்மா, காமணி நேரந்தான், ஆளுங்க சுறுசுறுப்பா இருந்தா பத்து நிமிசம்னேன். பெருமையா சொன்னேன் மேடம்.

"அவ்ளோதானா"ன்னா.

அவ்ளோதாம்மான்னேன். இன்னொரு கரண்டி சோறு வச்சு, குழம்பை ஊத்தினா. நானும் சாப்பிட்டேன்.